ரிவர்ஸ் சார்

"துருவா? துரு இருக்கத்தாங்க செய்யும். எடைக்கு இவ்வளவுன்னு பேசியாச்சு, அப்புறம் என்ன?"

மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தியிருந்தாள். அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்பதால், கடைச் சாவியை மறந்து திரும்பி வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தகட்டுல இருக்கற நம்பரைப் படிச்சுச் சொன்னேன்ல? அதேதான். இன்னைக்கே லாரியை அனுப்புங்க. அவர் இப்ப கடைக்குப் போயிட்டார். இருந்தா ஆயிரம் கேள்வி கேப்பார்."

அந்த வீட்டில் நம்பர் தகடு பதித்த துருப்பிடித்த பொருள் ஒன்றுதான் உண்டு. கொல்லைக் கொட்டகையில் நிற்கும் அவருடைய குட்டி டிராக்டர். அதைப் பழைய இரும்புக்கடைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறாள்.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. யாருடைய தோட்டத்திலோ கேட்பாரற்று நின்ற அந்த டிராக்டரின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்ததைப் பார்த்து, மனம் இளகி, விலை பேசி இழுத்துக்கொண்டு வந்தவர் அவர். மூக்குக்கண்ணாடியில் கடுகளவு திருகாணியையே மாட்டுகிற தனக்குக் கை அகல நட்டு எம்மாத்திரம் என்று நினைத்தார். அவர் அப்படி நினைத்த காரியம் எதுவும் இதுவரை உருப்பட்டதில்லை.

எஞ்சின் என்னவோ ஓடிவிட்டது. அந்தத் தலைக்கனத்தில் டிராக்டரின் பின்பக்கத்தைப் பிரித்து, பெரிய பல்சக்கரத்தைத் துடைத்து மாட்டினார். அது எந்தப் பக்கமாகப் போட்டாலும் உட்காரும் சக்கரம். அவர் எந்தப் பக்கமாகப் போட்டிருப்பார் என்று சொல்லவும் வேண்டுமா?

தெருவே கூடி நிற்க, முதல் கியரைப் போட்டு, நேராக முன்னால் பார்த்தபடி கம்பீரமாக உட்கார்ந்தார். டிராக்டர் பின்னால் போய், துணி காயப்போடும் கம்பத்தை ஈரத்துணிகளோடு சாய்த்தது. அன்றிலிருந்து அவர் பெயர் ரிவர்ஸ் சார். மூக்குக்கண்ணாடி வாங்க வருகிறவர்கள்கூட "ரிவர்ஸ் சார் கடை எதுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

சக்கரத்தைத் திருப்பி மாட்டப் போய், சுத்தியலால் போட்ட போட்டில் இரண்டு பல்லை உடைத்தார். உதிரிபாகக் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த மாடலே இப்ப வர்றதில்ல சார். இதே மாதிரி இன்னொரு செத்த வண்டி கிடைச்சாத்தான் உண்டு."

இதை வீட்டில் வந்து சொன்னபோது மனைவி, "ஒண்ணுக்கே இங்க இடமில்ல" என்றாள். வேறு வழியில்லாமல் உடைந்த பல்லோடேயே மாட்டி மூடினார். மூடிய பிறகும் மிஞ்சிய சாமான்கள் அவளுடைய துணி வெட்டும் மேஜையில் கிடந்தன. தைக்கக் கொடுத்த ஒருத்தியின் வெள்ளைத் துணியில் கிரீஸ் பட்ட அன்று, "அதுவா நானா, ரெண்டுல ஒண்ணு வெளிய போகணும்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் நினைத்திருந்தார்.

கடையாவது மண்ணாவது. சந்து வழியாகப் பூனை போலக் கொட்டகைக்குப் போனார். தன் கையால் அவர் உயிர் கொடுத்தது வாழ்க்கையில் அது ஒன்றுதான். அதை எடைக்குப் போடுவதைவிட, அவளே தனக்குத் தெரியாமல் போடுகிறாளே என்பதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

சிறிது நேரத்தில் பழைய இரும்புக்கடை லாரி கொல்லைக் கதவு வழியாக முனகிக்கொண்டே உள்ளே வந்தது. மேலே தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டிய பாரம். ஏற்கெனவே எந்தப் பைத்தியக்காரனுடைய வண்டியையோ தூக்கிக்கொண்டு வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்.

சட்டென்று டிராக்டரில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். கரும்புகை கொட்டகையை நிறைத்தது.

"இது பழைய இரும்பு இல்ல. ஓடற வண்டி."

எஞ்சின் சத்தத்தில் அவர் சொன்னது அவருக்கே கேட்கவில்லை. ஓட்டியே காட்டிவிடலாம் என்று கியரைப் போட்டார். டிராக்டர் கடகடவென்று பல்லைக் கடித்தது. ஓர் அங்குலம்கூட நகராமல் அணைந்துபோனது. அணைந்தது தெரியாமல் அவர் தொண்டை கிழியக் கத்தியது மட்டும் தெருக்கோடி வரைக்கும் போனது.

"என்னையும் இதோட சேத்து எடை போட்டுத் தூக்கிட்டுப் போ."

கழுத்தில் அளவு டேப்போடு மனைவி ஓடி வந்தாள். "நீங்க கடைக்குப் போகலையா?"

"நீ போன்ல பேசினதெல்லாம் கேட்டுட்டேன். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நான் முட்டாள்தான், ரிவர்ஸ் சார்தான், ஒத்துக்கறேன். ஆனா இதை மட்டும் எடுத்துட்டுப் போக விடமாட்டேன்."

குரல் உடைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். சட்டையிலிருந்த கிரீஸ் கண்ணாடி முழுக்க அப்பிக்கொண்டது. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள். அவள் தோள்கள் குலுங்குவது மங்கலாகத் தெரிந்தது. அழுகிறாள், நன்றாக அழட்டும் என்று நினைத்தார்.

பழைய இரும்புக்கடைக்காரர் அவரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டே தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்த்தார்.

"எடுக்க வரல சார். அக்கா வாங்கின இன்னொரு டிராக்டரை எங்க இறக்கறது?"