எங்கட ஆள்

அழைப்பு மணி திடீரென அலறவும் பரராசசிங்கம் வாயிலிருந்த பற்றிஸை மெல்லாமலே விழுங்கினார். மேசையில் சிந்திய துணுக்குகளை வழித்து அடுத்த மேசைப் பக்கம் தள்ளிவிட்டார்.

"வந்திட்டான் அரசாங்கத்தான்!" என்றார் எரிச்சலோடு. "ரயில் ஓட்டவே நேரமில்லை. இதுக்குள்ள இவங்களுக்கு வருசா வருசம் கதை எழுதிக் குடுக்க வேணும்."

ஜெர்மனியின் ஹம் நகரில் சரக்கு ரயில்கள் ஓட்டும் தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பகுதிக்கு அவர் தலைவர். நிறுவனம் வளர்ந்து பெரிய நிறுவனங்களின் வரிசையில் சேர்ந்த நாளிலிருந்து தலையிடிதான். எந்தப் பாதையில் எவ்வளவு வரவு, எந்த எஞ்சினுக்கு எவ்வளவு செலவு என்று ஆண்டுதோறும் அரசாங்கத்துக்குத் தனி அறிக்கை கொடுக்க வேண்டும். ஓர் அதிகாரி நேரில் வந்து அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும்.

அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட இன்று கடைசி நாள். போன வருடம் பிந்தியதற்குத் தண்டம் கட்டியாயிற்று. இந்த முறையும் பிந்தினால் அவருடைய கதிரையில் வேறொருவர் உட்காருவார் என்று முதலாளி குறூகர் காலையில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

"கணக்கெல்லாம் சரியா இருக்கு அண்ணை," என்றான் அடுத்த மேசை ஜெசிந்தன். அறிக்கையைத் தயாரித்தவன் அவன்தான். "நீங்கள் வாய் திறக்காமல் இருந்தாலே காணும்."

"சரியான கணக்கைக் காட்டி எவனடாப்பா காரியம் முடிச்சவன்? ஆளைப் பிடிக்க வேணும், ஆளை!"

அறிக்கையின் முதல் பக்கத்தைத் தாண்டி அவர் வாசித்ததே இல்லை. அதில் என்ன பிழை இருக்கிறதென்று தெரியாததால், நிச்சயம் இருக்கும் என்று நம்பினார்.

கதவு திறந்தது. வந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க பெண். நெற்றியில் சிறிய பொட்டு. கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையில் மிதுஷா என்ற பெயர். பரராசசிங்கத்துக்கு லொத்தர் விழுந்தது போல் இருந்தது.

"தமிழோ, பிள்ளை?"

"ஓம்." அவள் உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து முத்திரை குத்தும் ஸ்ரெம்பலையும் மைப்பெட்டியையும் எடுத்து மேசையில் வைத்தாள். "நீங்கள் அனுப்பின அறிக்கையை முழுக்க வாசிச்சிட்டன். கனநேரம் எடுக்காது."

வந்ததும் வராததுமாக ஸ்ரெம்பலைக் காட்டி வெருட்டுகிறாளே என்று நினைத்துக்கொண்டார் பரராசசிங்கம். முழுக்க வாசித்தாளாம்! இனிப் பொறுக்கக் கூடாது.

"அறிக்கை கிடக்கட்டும். பிள்ளைக்கு எந்த ஊர்?"

"நான் பிறந்தது இங்கைதான். அம்மா சரசாலை."

அவரோ யாழ்ப்பாணத்தின் மறு பக்கத்து அராலிக்காரர். சரசாலையில் ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ் பழுதாகி நின்றபோது, அரை மணி நேரம் நின்றிருக்கிறார். அது அவருக்குத் தாராளமாகப் போதும்.

"சரசாலையோ! அம்மான்ர பேர்?"

"கனகவல்லி."

"ஐயோ, எங்கட கனகத்தின்ர மகளோ நீ!" மரியாதை அந்த இடத்திலேயே கழன்று விழுந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கண்ணில் ஒன்றும் இருக்கவில்லை. "கனகம் எனக்குத் தங்கச்சியெல்லோ! நான் உனக்கு மாமா!"

ஜெசிந்தன் இருமினான். "அண்ணை, நீங்கள் அராலியெல்லோ..."

"நீ பொத்தடா வாயை. பெரியாக்கள் குடும்பம் கதைக்கேக்கை உனக்கென்ன?"

மிதுஷா அவரைக் கூர்ந்து பார்த்தாள். "அம்மா ஒருநாளும் சொன்னதில்லையே. உண்மையாவே சொந்தமோ?"

"ஊன்ட்றொப் கோயில் அம்மாளாணை!"

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"இதிலை யோசிக்க என்ன கிடக்கு? உன்ர மூக்கைப் பார், என்ர மூக்கைப் பார். உரிச்சு வைச்சது மாதிரி!"

இரண்டு மூக்கையும் ஒப்பிட்டுப் பார்த்த ஜெசிந்தன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த நேரம் பார்த்து முதலாளி குறூகர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். பரராசசிங்கம் துள்ளி எழுந்து, "இவள் என் தங்கையின் மகள்!" என்று ஜெர்மன் மொழியில் முழங்கினார். இனித் தன் கதிரையை எவன் அசைப்பான் என்ற மிதப்பு அந்தக் குரலில் இருந்தது.

குறூகர் புருவத்தை உயர்த்தினார். "அப்படியா?" என்று அவளிடம் கேட்டார்.

"இவர் அப்படித்தான் சொல்கிறார்," என்றாள் அவளும் ஜெர்மனிலேயே.

பிறகு அவள் மைப்பெட்டியை மூடினாள். ஸ்ரெம்பலை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஆள் விழுந்துவிட்டாள்! பரராசசிங்கம் ஜெசிந்தனைப் பார்த்து, இப்படித்தானடா காரியம் முடிப்பது என்பதுபோல் கண்ணடித்தார்.

"என்னடாப்பா பார்த்துக்கொண்டு நிக்கிறாய்? மருமகளுக்குப் பற்றிஸ் கொண்டு வா! அப்பிடியே ஒரு பிளேன்ரீயும்."

மிதுஷா ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் குறூகரிடம் நீட்டினாள். அதை வாசிக்க வாசிக்க அவருடைய முகம் சிவந்துகொண்டே போனது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

"என்ன பிள்ளை, எழும்பிட்டாய்? மாமான்ர அறிக்கையிலை என்ன பிழை எண்டாலும் சொல்லு, நாங்கள் குடும்பத்துக்குள்ளை பார்த்துக்கொள்ளுவம்!"

"ஒரு பிழையும் இல்லை மாமா, ஏற்றுக்கொள்ளத்தான் வந்தனான், ஆனா சொந்தக்காரரின்ர கணக்கிலை நான் கைவைக்க ஏலாது, அடுத்த கிழமை வேறை ஆள் வருவார்."