அஞ்சாம் கிரேடு ஃபைல்

செல்வதாஸ் ஃபைலை மூக்கில் வைத்து முகர்ந்தார்.

பிறகு உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையை இரண்டு கையாலும் தூக்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ஓரத்தை இழுத்தார். விரலால் சுண்டினார்.

நாகர்கோவில் வடசேரியில் ஸ்டேஷனரி கடை வைத்திருக்கிற எனக்கு ஃபைல் வாங்க வருகிற ஆட்களைத் தெரியாதா? விலை கேட்பார்கள், கூடுதலாச்சே என்று முனகுவார்கள், வாங்கிப் போவார்கள். ஃபைலை முகர்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

ஆனால் அந்த மூக்கை எனக்கு நன்றாகத் தெரியும்.

குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டை விலைக்கு எடுக்கிற கடை அவருடையது. மாமனார் புகையில் காயவைக்கிற ஷீட்டெல்லாம் அங்கேதான் போகிறது. கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ஜினோவின் ஸ்கூட்டரில், ஷீட்டுக் கட்டோடு கட்டாக நானும் போயிருக்கிறேன். இதே முகர்தல், இதே ஒற்றைக் கண். கடைசியில் உதட்டைப் பிதுக்கி, அஞ்சு என்பார்.

நாலாம் கிரேடு என்றால் நல்ல விலை. அஞ்சு என்றால் இறங்கிவிடும். எப்பேர்ப்பட்ட ஷீட்டைக் கொண்டுபோய் வைத்தாலும் அந்த வாயில் அஞ்சைத் தவிர வேறு நம்பர் கிடையாது.

இன்றைக்கும் எங்கள் ஷீட் அங்கே கிடக்கிறது. முதலாளி நாகர்கோவில் போயிருக்கிறார், வந்துதான் கிரேடு பார்ப்பார் என்று உட்காரவைத்துவிட்டார்கள் என ஜினோ போனில் புலம்பியிருந்தார். முதலாளியோ இங்கே என் கடையில் நிற்கிறார்.

என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஷீட்டைப் பார்க்கிற மனுஷன், கொண்டுவருகிறவள் முகத்தை எங்கே பார்த்தார்?

ஸ்டாம்ப் சேர்க்கிறாராம். வளையம் வட்டமாக இருக்கக்கூடாதாம், தாள் வளைந்துவிடுமாம். ஒரு பக்கம் நேராக இருக்கிற வளையம்தான் வேண்டுமாம். மூடினால் இடுக்கில் தலைமுடி நுழையக்கூடாது. பிளாஸ்டிக்கில் வாசம் வரக்கூடாது, வந்தால் மழைக்காலத்தில் ஸ்டாம்பைப் பிடித்துக்கொள்ளும். விலை மட்டும் கொஞ்சமாக இருக்க வேண்டும்.

பையிலிருந்து பழைய உறை ஒன்றை எடுத்துக் காட்டினார். திருவிதாங்கூர் காலத்துச் சங்கு ஸ்டாம்ப். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய ஃபைலில் வைத்ததில், சங்கில் பாதி பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தது. வீட்டில் இன்னும் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது, இந்த மழைக்குள் மாற்றாவிட்டால் அத்தனையும் போச்சு என்றார். ஒட்டிப்போன சங்கை விரலால் தடவிக்கொடுத்தார்.

எனக்கே பாவமாகப் போய்விட்டது. இருக்கிறதிலேயே நல்ல ஃபைலைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அதைத்தான் இவ்வளவு நேரமும் முகர்ந்தார்.

முடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது அஞ்சாம் கிரேடு சாதனமாக்கும் மோளே. வெலையைக் கொறச்சுப் போடு."

பாவமெல்லாம் அந்த நொடியே பறந்துவிட்டது.

இது உங்களுக்கு வேண்டாம் அண்ணாச்சி, உள்ளே வேறொன்று இருக்கிறது, ஆனால் ஒரு வக்கீல் சொல்லிவைத்திருக்கிறார் என்றேன். சும்மா காட்டேன் என்றார்.

உள்ளே போனேன். அஞ்சாம் கிரேடைத் துணியால் துடைத்தேன். புதுக் கவருக்குள் போட்டேன். கொஞ்ச நேரம் ஃபேனுக்கு அடியில் நின்றேன், தேடுகிற மாதிரி இருக்க வேண்டாமா. வெளியே கொண்டுவந்து வைத்தேன்.

முகர்ந்தார். வெளிச்சத்தில் பிடித்தார். தன் தலையிலிருந்து ஒரு நரைமுடியைப் பிடுங்கி, வளையத்தின் இடுக்கில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. வக்கீல் எப்போது வருவார் என்று கேட்டார். வருகிற நேரம்தான் என்றேன்.

ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணாம் கிரேடு. வக்கீலுக்கு வேற குடு."

எங்கள் மலையில் ரப்பர் வெட்டுகிற ஒருத்தரும் அந்த வாயிலிருந்து கேட்டிராத நம்பர். விலை முன்னே சொன்னதுதான் என்றேன். மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து வைத்தார்.

பில்லைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அண்ணாச்சி, நீங்க அஞ்சுன்னு தள்ளுன அதே ஃபைலுதான் இது. நான் ஜினோக்க பெஞ்சாதி. உங்க கடையில கெடக்கது எங்க ஷீட்டு."

ஃபைலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது. பேனா வாங்க நின்ற டீச்சர் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

செல்வதாஸ் போனை எடுத்துத் தன் கடைக்குப் பேசினார். ஜினோவின் ஷீட்டை முகர வேண்டாம், தூக்கிப் பார்க்கவும் வேண்டாம், நாலு என்று போட்டுப் பணத்தைக் கொடுத்து அனுப்பு என்றார். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.

சற்று நேரத்தில் ஜினோ கூப்பிட்டார். கட்டைக்கூட அவிழ்க்காமல் நாலுக்கு உள்ள பணத்தை எண்ணிக் கொடுக்கிறார்களே, என்ன செய்ய என்று பதறினார். வாங்கிக்கொண்டு, முதலாளி பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் கிளம்பச் சொன்னேன்.

பதறாமல் என்ன செய்வார்? மழையில் புகை சரியாக ஏறாமல், பூசணம் பூத்துக் கிடந்த ஷீட் அது. இந்தத் தடவை அஞ்சு என்று சொன்னால் எதிர்த்துப் பேசாதே, இது நியாயமான அஞ்சு என்று காலையில் மாமனார் சொல்லி அனுப்பும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன்.