தேக்கு அலமாரியின் திருகாணிகள்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு உண்டு. ஆனால் அது கடைசியில்தான் வரும், அவசரப்படாதீர்கள்.

புளியமரத்தடியில் ஒரு பழைய வேன் நின்றது. படுக்கவும் சமைக்கவும் வசதியோடு ஊர் சுற்றிய வண்டி. யார் ஏறினாலும் அது ஒரு பக்கம் அமுங்கும்; தேக்கு அலமாரிக்குள் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுக்கும். வண்டியைப் புதிதாக வாங்கிய மாசிலாமணி, உள்ளே இருப்பதை வைத்துக்கொள்வதா, பிரித்துவிட்டுப் புதிதாகச் செய்வதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் அவர் குரல் கேட்டது. "அலமாரிக் கதவு ரொம்ப இறுக்கம். பிரிச்சு விறகாக்கிடலாம்."

அலமாரி பயந்துபோய் ஒரு திருகாணியைத் தளர்த்திக்கொண்டது.

மறுநாளும் அதே குரல். "இன்னும் இறுக்கமாத்தான் இருக்கு."

இன்னொன்றையும் தளர்த்தியது.

"வேணாம்ணே. பேச்சு கேக்குது, ஆளைக் காணோமே. எனக்கு என்னமோ சரியாப் படலை," என்றது மடக்குக் கட்டில்.

"உன்னையா விறகாக்கப் போறாங்க? சும்மா கிட!"

கடைசித் திருகாணியும் கழலப் போகிற நேரத்தில் வேன் அமுங்கியது. டம்ளர்கள் கிணுகிணுத்தன. மாசிலாமணி உள்ளே ஏறி வந்தார்.

"அடடா, என்ன தேக்கு! இது அப்படியே இருக்கட்டும்," என்று கதவை ஆசையாகத் தொட்டார். கதவு கழன்று அவர் காலடியில் விழுந்தது.

"உளுத்துப்போச்சா? அப்போ எல்லாத்தையும் பிரிச்சிட வேண்டியதுதான்."

அவர் வாயை மூடிவிட்டார். ஆனால் கூரைமேல் அவர் குரலிலேயே ஒரு சிரிப்பு கேட்டது. சன்னல் வழியாக ஒரு மைனா தலைகீழாக எட்டிப் பார்த்தது.

இத்தனை நாள் பேச்சுக்கும் டம்ளர்கள் ஒருமுறைகூடக் கிணுகிணுக்கவில்லை என்பது அப்போதுதான் அலமாரிக்கு உறைத்தது.