உப்புக் கள்ளன் வீட்டுச் சம்பந்தம்

கலியாணம் பேச வந்தவர்கள் முன்னால் தன் பூட்டன் ஒரு கள்ளன் என்று யாராவது சொல்வார்களா? பெண்ணின் தகப்பன் அருளையா சொன்னார். அதுவும் சிரித்துக்கொண்டு.

"உப்புக் கள்ளன் பவுல் எண்டா மன்னார்க் கரையிலை தெரியாத ஆளில்லை அக்கா."

இத்தாலியின் பகேரியாவிலிருந்து பலெர்மோவுக்கு ரயிலேறி வந்திருந்த மாப்பிள்ளை பிறின்சின் தாய் லூர்தம்மா, கையிலெடுத்த மீன் ரோல்சைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டாள்.

மரியமலர் மேசைக்குக் கீழே கணவனின் காலை மிதித்தாள். உணவகத்தில் நாள் முழுக்க நின்றபடி கோப்பை கழுவுகிறவரின் கால், மரத்துப்போயிருக்க வேண்டும்.

"என்ன களவெடுத்தவர்?" என்றாள் லூர்தம்மா.

"உப்புத்தான். வெள்ளைக்காரன் காலத்திலை தானாய் விளைஞ்ச உப்பை அள்ளினாலும் பிடிச்சு மறியலிலை போடுவாங்கள். இவர் காவல்காரனைக் கட்டிப்போட்டிட்டு மூட்டை மூட்டையாய்க் கொண்டுவந்து கருவாடு போடுற சனத்துக்குக் குடுத்தவர்."

"சும்மாவோ?"

"சும்மா குடுக்க அவரென்ன அந்தோனியாரோ? கருவாடு வாங்கிப்போடுவார்."

"இஞ்சாருங்கோ, வாயை மூடுங்கோ!" மரியமலர் வெடித்தாள். "அக்கா, அது நூறு வருசத்துக் கதை. எங்கட மொனிகா மேசையிலை லீராக் காசை விரிச்சு வைச்சாலும் தொடமாட்டாள். அவள் வேலை செய்யிற வீட்டுக்காரச் சிஞ்ஞோராவைக் கேட்டுப் பாருங்கோ."

கட்டினால் பிறின்சைத்தான் என்று இரண்டு வருடமாய் ஒற்றைக்காலில் நிற்கிற மொனிகா, குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பிறின்சின் தாய் விடுவதாயில்லை.

"எப்பிடிப் பிடிபட்டவர்?"

"நத்தார்ப் பெருநாளுக்கு ஒரு வீட்டிலை சாப்பிடக் கூப்பிட்டவையாம். சோத்திலை கை வைச்சிருக்கேக்கை பொலிசு வந்திட்டுதாம். கை கழுவவும் விடேல்லை. மறியலுக்குப் போனவர், திரும்பி வரேல்லை."

"ஆற்றை வீடு? ஆர் கூப்பிட்டது?"

"அது தெரியாது அக்கா."

லூர்தம்மா தட்டைத் தள்ளிவைத்தாள்.

மரியமலருக்கு அழுகையே வந்துவிட்டது. "கள்ளன்ர குடும்பமெண்டோ தேத்தண்ணி கூடத் தொடுறியள் இல்லை?"

"இல்லைத் தங்கச்சி." லூர்தம்மா தலை நிமிரவில்லை. "அது எங்கட பூட்டன்ர வீடு. சோறு போட்டு இருத்திப்போட்டு, பொலிசுக்கு ஆளனுப்பினது அவர்தான். இதைக் கேட்ட பிறகும் சாப்பிடச் சொன்னியளெண்டா, சாப்பிடுறன்."