ஈயத் தூசு

பேட்டரித் தொழிற்சாலையில் அவன் முகமூடி இல்லாமல் வேலை செய்ததே இல்லை. கூட இருப்பவர்கள், "பொண்டாட்டிக்குப் பயந்தவன்டா!" என்று கேலி செய்வார்கள்.

உண்மைதான். "ஈயத் தூசு உள்ள போனா ஆளையே தின்னுடுமாம். உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்க எங்க போவோம்?" என்று அவள் தினமும் வாசலில் நின்று புலம்புவாள்.

இன்று டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஈயம் ரொம்ப ஏறிடுச்சு."

"நான் மாஸ்க்கைக் கழட்டுனதே இல்லையே டாக்டர்!"

"அதான் நீங்க நல்லா இருக்கீங்க. உங்க வேலைச் சட்டைய வீட்ல யாரு உதறித் துவைக்கிறது?"

பட், பட்டென்று அவள் சட்டையை உதறும் சத்தம் அவன் காதுக்குள் கேட்கத் தொடங்கியது.

பக்கத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தவள் அவன் விரலைப் பற்றினாள்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லைல்ல?"