கையுறை போட்டவர்

“அந்தப் படத்துல கொலைகாரன் கழுத்தை நெரிக்கிறப்போ உங்க கண்ணுல அப்படி ஒரு பயம்! எப்படிம்மா நடிச்சீங்க?” என்றாள் பேட்டி எடுக்க வந்தவள்.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன கேள்வி. நடிகை சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“வில்லனா நடிச்சவரு அன்னிக்கு வரலை. கை மட்டும்தானே தெரியப்போகுதுன்னு டைரக்டரே கையுறையை மாட்டிக்கிட்டாரு.”

“ஐயையோ, நிஜமாவே நெரிச்சுட்டாரா?”

“இல்லம்மா. செட்ல பூ மாதிரிதான் பிடிச்சாரு.”

“அப்புறம் அந்தப் பயம்?”

அதற்குள் உள்ளறையிலிருந்து டைரக்டர் வந்தார். மனைவியின் தோளில் உரிமையோடு கை போட்டார். அவள் மரக்கட்டை போல உட்கார்ந்திருந்தாள்.

“இவளுக்கு நடிப்பு சொல்லிக் கொடுத்ததே நான்தான். கேட்டுப் பாருங்க!” என்று சிரித்தார்.

“ஆமா” என்றாள் நடிகை. “வீட்லதான்.”