பதினேழாம் நம்பர்

"பதினேழாம் நம்பருக்கு யார் திருட்டுத்தனமா சாப்பாடு போடறது?"

ரேகா இதைக் கேட்பது மூன்றாவது தடவை. சுப்புராயன் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். குமராட்சியிலிருந்து மினிபஸ்ஸில் நின்றபடியே வந்த கால், இன்னும் கடுத்தது. அவரை உட்காரச் சொல்லும் எண்ணம் அங்கே யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை.

"நான் போடலிங்க மேடம்."

"காலைல தொறக்கறது நீங்க. சாயங்காலம் பூட்டிட்டுப் போறதும் நீங்க. அப்ப அதுவா எழுந்து போயி எடுத்துத் தின்னுதா?"

பதினேழாம் நம்பர் இதையெல்லாம் சட்டை செய்யவில்லை. கூண்டின் மூலையில் உருண்டையாக உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தது.

சிதம்பரத்தில் இருந்த அந்தத் தனியார் ஆய்வுக்கூடத்தில் மொத்தம் இருபத்து நான்கு சுண்டெலிகள், கூண்டுக்கு ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் நாளைக்கு மூன்று கிராம் தீனி, சனிக்கிழமை தோறும் எடை. மற்றவை எல்லாம் இருபத்திரண்டு, இருபத்து மூன்று கிராமில் சமர்த்தாக நிற்க, இது மட்டும் ஏழே வாரத்தில் முப்பத்து நான்கு கிராமாகிவிட்டது.

எந்தக் கூண்டில் எந்த வம்சத்து எலி என்பது பேராசிரியர் அறிவுமதி ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துவிட்டால் ஆளாளுக்கு ஒரு கண்ணோடு பார்ப்பார்கள் என்று பட்டியலை டிராயரில் பூட்டி வைத்திருந்தார். ரேகா மேற்பார்வைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. எடை தப்பினால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்பது அவள் தீர்மானம்.

"அளந்து வச்சதத்தான் மேடம் போட்டேன். அதுக்கு மேலயும் எடை ஏறுனா நான் என்ன பண்ணுவேன்?"

"பாவம் பாத்திருப்பீங்க. பசியில கம்பியக் கடிக்குதேன்னு ஒரு கை ஜாஸ்தியாப் போட்டிருப்பீங்க."

பாவம் பார்க்கிற மனுஷன் என்று சுப்புராயனை வீட்டிலும் சரி, வெளியிலும் சரி, இதுவரை யாரும் சொன்னதில்லை. பதினோரு வருஷ வேலை, வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். இந்த மாதக் கடைசியில் முடிகிறது. ரேகா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"பாக்கெட்டுல என்ன இருக்கு, எடுங்க."

கைக்குட்டை, பஸ் டிக்கெட், போன் வந்தன. கடைசியாக ஒரு சின்னப் பித்தளைச் சாவி வந்தது.

"இது என்ன சாவி?"

"வீட்டுச் சாவிங்க."

"வீட்டுச் சாவி இத்தூண்டுதான் இருக்குமா?"

ரேகா அதைத் தீனிப் பெட்டியின் பூட்டில் போட்டுப் பார்த்தாள். திரும்பவில்லை. அதில் அவளுக்குக் கோபம் கூடத்தான் செய்தது. மேசைமேல் இருந்த போன் அடித்தது. வீட்டிலிருந்து. அவர் கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினார். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் பதில் சொல்ல அவருக்குத் தெம்பில்லை.

பேராசிரியர் கடலூரிலிருந்து வந்து சேரப் பதினோரு மணியாகிவிட்டது. ரேகா சாவியை மேசைமேல் வைத்து, நடந்ததைச் சொன்னாள். அவர் டிராயரைத் திறந்து பட்டியலில் விரலை ஓட்டினார்.

"பதினேழா? இதுக்குப் போயி இவர காலைலேர்ந்து நிக்க வச்சிருக்கியாம்மா? இது பொறக்கும்போதே ஒரு ஜீன் பழுதான எலி. வயிறு ரொம்பிடுச்சின்னு மூளைக்குப் போற சேதி இதுக்குப் போவாது. எந்நேரமும் பசிதான். மத்ததுக்குப் போடற அதே அளவு போட்டாலும், ஒடம்பு அத செலவு பண்ணாம கொழுப்பாச் சேத்து வச்சிக்கும்."

"அப்ப இவரு..."

"இவரு மேலயும் தப்பில்ல, எலி மேலயும் தப்பில்ல. நீ அளவ நம்புன, ஆள நம்பல. அவ்ளோதான்."

ரேகாவின் முகம் சுண்டிப்போனது. சாவியை எடுத்து சுப்புராயன் கையில் கொடுத்தாள். "மனசுல வச்சிக்காதீங்கண்ணே. எதோட சாவின்னு அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

சுப்புராயன் சாவியை உள்ளங்கையில் மூடிக்கொண்டு பேராசிரியரைப் பார்த்தார்.

"சார், மனுசங்களுக்கும் இப்படி வருமா?"

"அபூர்வமா சில பேருக்கு உண்டு. டெஸ்ட் எடுத்தாதான் தெரியும். ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான் சார்."

வெளியே வந்து தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தார். காலையிலிருந்து இப்போதுதான் உட்காருகிறார். வேலை தப்பித்தது. போன உயிர் திரும்பி வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பார்வை கையிலிருந்த சாவியை விட்டு நகரவில்லை.

வீட்டுக்குப் போன் போட்டார். எடுத்தது, ப்ளஸ் ஒன் படிக்கிற மகள் அனுப்பிரியா. எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

"ரெண்டு தடவ அடிச்சேன், கட் பண்ணிட்டீங்க. சோத்து அலமாரிப் பூட்ட நான் தொடவே இல்லப்பா, சாவி ஒங்ககிட்டதான இருக்குது? அம்மா அளந்து வச்சதத்தான் தின்னேன். அதுக்கு மேலயும் எடை ஏறுனா நான் என்னப்பா பண்ணுவேன்?"